பழைய நெக்ஸஸ் 7 டேப்லெட்டில் டிடபிள்யூஆர்பி ரெக்கவரி நிறுவுவது: உள்ளே இருக்கும் கோப்புகள் தப்புமா?

காட்பாடி வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பல ஆண்டுகளாகக் கூகுளுக்காக ஆசுஸ் நிறுவனம் தயாரித்த நெக்ஸஸ் 7 டேப்லெட் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறார். பணி ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வாசிப்பு முழுவதும் அதில்தான் நடக்கிறது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை இறக்கி வைத்துக்கொண்டு, படிக்கும் செயலியிலேயே குறிப்புகள் எழுதுவது அவர் வழக்கம். திரையில் ஒரு கீறல்கூட இல்லை, சார்ஜும் ஒரு மாலைப் பொழுதுக்குத் தாங்குகிறது. ஆனால் அதில் உள்ள ஆண்ட்ராய்டு 6.0.1 பதிப்புக்கு மேல் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. அண்மைக்காலமாகப் பல இணையதளங்களைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வந்து நின்றுவிடுகிறது. தேதியும் நேரமும் சரியாகவே இருக்கின்றன.

வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் கேட்டபோது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தந்தையாருக்கு அதில் உடன்பாடு இல்லை. டிடபிள்யூஆர்பி என்ற கஸ்டம் ரெக்கவரியை (ஆண்ட்ராய்டு ஓடாதபோதும் தனியே திறந்து, பேக்கப் எடுக்கவும் வேறு ஆண்ட்ராய்டை ஏற்றவும் உதவும் சிறு மென்பொருளை) நிறுவி, அதன் வழியாகப் புதிய ஆண்ட்ராய்டை ஏற்றலாம் என்று படித்தேன். படித்ததில் எனக்கு விளங்காதவை மூன்று. ரெக்கவரியை நிறுவும் முன்பே டேப்லெட்டை முழுமையாகப் பேக்கப் எடுக்க வழி உண்டா என்பது முதலாவது. பதிவிறக்கப் பக்கங்களில் ஃப்ளோ, டெப், குரூப்பர், ரேசர் என்று பல பெயர்கள் இருக்கின்றன, அவற்றுள் எது எங்களுடையது என்பது இரண்டாவது. எங்கள் பகுதியில் முன்னறிவிப்பின்றி மின்சாரம் போகும், வீட்டுக் கணினிக்கு யூபிஎஸ் இல்லை; நிறுவிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் டேப்லெட் செத்துவிடுமா என்பது மூன்றாவது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம் நண்பரே. முதல் கேள்விக்கு நேரடியான விடை, வழியில்லை என்பதுதான். கஸ்டம் ரெக்கவரியை எழுதுவதற்குப் பூட்லோடரின் (டேப்லெட்டை இயக்கியதும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரலின்) பூட்டைத் திறக்க வேண்டும், அந்தப் பூட்டைத் திறக்கும் செயலே உள்சேமிப்பு முழுவதையும் துடைத்துவிடும். இது கோளாறு அன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு. அப்படி இல்லாவிட்டால், டேப்லெட்டைத் திருடியவர் பூட்டைத் திறந்து, தமக்கு வேண்டிய ரெக்கவரியை ஏற்றி, திரைப்பூட்டைத் தாண்டி உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே முழுப் பேக்கப் எடுக்க ரெக்கவரி வேண்டும், ரெக்கவரி வேண்டுமென்றால் முதலில் எல்லாம் அழிய வேண்டும் என்ற நிலையில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். டிடபிள்யூஆர்பி எடுத்துத் தரும் முதல் பேக்கப், துடைக்கப்பட்ட வெறும் ஆண்ட்ராய்டின் பேக்கப்பாகத்தான் இருக்கும். அதற்கும் பயன் உண்டு, ஆனால் உங்கள் தந்தையாரின் குறிப்புகள் அதில் இருக்கமாட்டா.

எனவே கோப்புகளைக் கையால்தான் காப்பாற்ற வேண்டும். டேப்லெட்டைக் கணினியில் இணைத்து, டவுன்லோட், டாக்குமெண்ட்ஸ், படங்கள் ஆகிய கோப்புறைகளை அப்படியே நகலெடுங்கள். இத்துடன் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. படிக்கும் செயலியில் எழுதிய குறிப்புகள், சில செயலிகளில் மின்னூல் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படும். வேறு சிலவற்றில் செயலியின் சொந்தச் சேமிப்பில் இருக்கும். அந்த இரண்டாம் இடம் யூஎஸ்பி வழியாகக் கண்ணுக்கே தெரியாது. செயலியின் அமைப்புகளில் ஏற்றுமதி என்றோ பேக்கப் என்றோ ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பயன்படுத்தி, உருவான கோப்பைக் கணினியில் திறந்து, குறிப்புகள் உண்மையிலேயே அதில் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை, குழம்பியது உங்கள் குற்றமன்று. நெக்ஸஸ் 7 என்ற ஒரே பெயரில் 2012இல் ஒரு டேப்லெட்டும் 2013இல் இன்னொன்றும் வந்தன. 2012ஆம் ஆண்டினதில் என்விடியா டெக்ரா 3 சிப்பும் 1 ஜிபி நினைவகமும் உண்டு, பின்புறக் கேமரா கிடையாது, வைஃபை மட்டும் உள்ள வகைக்குக் குரூப்பர் என்று பெயர். 2013ஆம் ஆண்டினதில் குவால்காம் சிப்பும் 2 ஜிபி நினைவகமும் பின்புறக் கேமராவும் உண்டு. வைஃபை வகை ஃப்ளோ, சிம் போடும் வகை டெப். 2012ஆம் ஆண்டினதற்கு 5.1.1 உடன் கதை முடிந்தது என்பதால், 6.0.1 ஓடும் உங்களுடையது பெரும்பாலும் ஃப்ளோவாகவே இருக்கும். ரேசர் என்பது அதே ஃப்ளோவுக்கான கூகுளின் ஃபேக்டரி இமேஜுக்கு, அதாவது கூகுளே வெளியிட்ட ஆண்ட்ராய்டுக் கோப்புத் தொகுப்புக்கு, வைத்த பெயர். ஒரே பொருளுக்கு ஒரு துறையில் ஒரு பெயரும் மற்றொரு துறையில் வேறு பெயரும் வைப்பது நம் வருவாய்த் துறைக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஊகத்தை நம்ப வேண்டாம். டேப்லெட்டை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். வயிறு திறந்து மல்லாந்து கிடக்கும் பச்சை ஆண்ட்ராய்டு பொம்மை ஒன்று தோன்றும். அதன் கீழே சிறிய எழுத்துகளில் சில வரிகள் இருக்கும். ப்ராடக்ட் நேம் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் டேப்லெட்டின் பெயர். லாக் ஸ்டேட் என்ற வரி, பூட்டு திறந்திருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். பதிவிறக்கும் டிடபிள்யூஆர்பி கோப்பின் பெயரிலும் அதே சொல் இருக்க வேண்டும்.

மின்தடை பற்றிய அச்சம் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது. டேப்லெட் தன் பேட்டரியில் ஓடுகிறது. ரெக்கவரிக் கோப்பு மிகச் சிறியது, எழுதி முடிக்கச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளுக்குள் கணினி அணைந்தே போனாலும், கெடுவது ரெக்கவரிக்கென்று ஒதுக்கப்பட்ட தனிப் பகுதி மட்டுமே. ஆண்ட்ராய்டு வேறொரு பகுதியில் இருக்கிறது, பூட்லோடர் இன்னொரு பகுதியில் இருக்கிறது. இரண்டும் அப்படியே இருக்கும். மின்சாரம் வந்ததும் மறுபடி பூட்லோடர் திரைக்குச் சென்று மீண்டும் எழுதிக்கொள்ளலாம். அஞ்ச வேண்டியது பூட்லோடரையே மாற்றும் கோப்புகளுக்கு. அது கெட்டால், அடுத்து எதையும் எழுதுவதற்கு வாசலே இராது. ரெக்கவரி நிறுவுவதற்கு அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எந்த வழிகாட்டியாவது பூட்லோடரை அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னால், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ராணிப்பேட்டை பழுதுநீக்குநர் எழுதியது:

மென்பொருள் பற்றி மேலே நண்பர் தெளிவாகவே சொல்லிவிட்டார். நான் வன்பொருள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். எதையும் தொடங்கும் முன்பு டேப்லெட்டைக் கண்ணாடி மேசையின் மீது மல்லாத்தி வைத்து, கண் மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பின்மூடி எங்காவது புடைத்திருந்தாலோ, மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலோ, பேட்டரி ஊதியிருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் மூடியை அழுத்திச் சரிசெய்ய முயலவே கூடாது. பேட்டரியை மாற்றாமல் இந்த வேலையில் இறங்கவும் வேண்டாம். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் வண்டியின் டேங்க் கவரிலும், மொட்டை மாடியை ஒட்டிய அறையின் அலமாரியிலும் கிடந்த டேப்லெட்டுகள் இப்படித்தான் என்னிடம் வந்து சேருகின்றன. கத்திரி வெயில் காலத்தில் இங்கே வெளியில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல; மூடிய காருக்குள் அதைவிட மிக அதிகம்.

பேட்டரி நன்றாக இருந்தால் முக்கால் அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய பேட்டரி ஐம்பது சதவீதம் என்று காட்டிவிட்டுச் சட்டென்று அணைந்துவிடும் தன்மையுடையது. நீங்கள் பின்னர் ஆண்ட்ராய்டையே மாற்றும்போது அதுதான் தொல்லை தரும். கேபிளைப் பற்றியும் ஒரு சொல். பெட்டிக்கடைகளில் தொங்கும் மலிவான கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்கவே இருக்காது. அந்தக் கேபிளை வைத்துக்கொண்டு டிரைவர் சரியில்லை, கணினி சரியில்லை என்று மணிக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. கணினியில் இணைத்ததும் டேப்லெட்டின் கோப்புறைகள் தெரிந்தால்தான் அது தரவுக் கேபிள்.

ஆரணிக்காரன் எழுதியது:

எல்லோரும் எப்படிச் செய்வது என்பதிலேயே இருக்கிறீர்கள், செய்ய வேண்டுமா என்பதை ஒருவரும் கேட்கவில்லையே. அந்த எச்சரிக்கை ஏன் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டாமா?

இன்று ஏராளமான இணையதளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன. அந்தச் சான்றிதழ்களின் வேர், அதாவது அவற்றை நம்புவதற்கு அடிப்படையான தலைமைச் சான்றிதழ், ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்பது. ஆண்ட்ராய்டு 7.1.1 தொடங்கித்தான் அந்த வேரைச் சாதனங்கள் தாமாகவே நம்புகின்றன. அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளுக்காகச் செய்யப்பட்டிருந்த இடைக்கால ஏற்பாடு 2024 செப்டம்பர் இறுதியுடன் முடிந்துபோனது. ஆகவே 6.0.1 ஓடும் டேப்லெட் அந்தத் தளங்களைக் கண்டால், இவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறது. டிடபிள்யூஆர்பி நிறுவுவதால் மட்டும் இது தீராது. ரெக்கவரி என்பது வேறொன்றை நிறுவ உதவும் கருவி. அதை நிறுவிவிட்டு அதே 6.0.1ஐ வைத்திருந்தால் எச்சரிக்கையும் அப்படியேதான் இருக்கும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்த வேர்ச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் தளத்திலிருந்து கணினியில் இறக்கி, டேப்லெட்டுக்கு நகலெடுத்து, அமைப்புகளில் பாதுகாப்புப் பிரிவுக்குள் சென்று சேமிப்பிலிருந்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரைப்பூட்டு ஒன்று வைக்கச் சொல்லும், வைக்க வேண்டும். அதன்பின் உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்று ஓர் அறிவிப்பு வந்து அச்சுறுத்தும். நாமே ஒரு சான்றிதழைச் சேர்த்ததால் வருவது அது. ஆண்ட்ராய்டு 6 வரை, பயனர் சேர்த்த சான்றிதழைச் செயலிகள் ஏற்றுக்கொள்ளும். 7 முதல் பெரும்பாலான செயலிகள் ஏற்பதில்லை. அதாவது உங்கள் டேப்லெட் பழையதாக இருப்பதே இந்த வழி பலிப்பதற்குக் காரணம். எதையும் அழிக்காமல், பூட்டைத் திறக்காமல் முடியும் வேலை. சான்றிதழை வேறு யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து மட்டும் இறக்கிவிடாதீர்கள். போலி வேர்ச் சான்றிதழை நிறுவினால், அதை அனுப்பியவர் எந்தத் தளமாகவும் வேடம் போடலாம்.

காட்பாடி வாசகன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆரணி நண்பர் சொன்ன சான்றிதழை நிறுவினேன். திறக்காமல் இருந்த தளங்களில் பெரும்பாலானவை இப்போது திறக்கின்றன. தந்தையாருக்கு இதுவே போதும். ஆனால் 2016ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எவையும் வரவில்லை என்பதும், படிக்கும் செயலியின் புதிய பதிப்பு இதில் நிறுவ மறுக்கிறது என்பதும் என்னை உறுத்துகின்றன. அவசரமில்லாமல் தொடரலாம் என்று தந்தையாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பூட்லோடர் திரையில் ஃப்ளோ என்றே இருக்கிறது. பின்மூடி புடைக்கவில்லை. குறிப்புகளை ஏற்றுமதி செய்து கணினியில் திறந்து பார்த்தும்விட்டேன். இப்போது தடை வேறிடத்தில் வந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் கணினியில், ஓடும் ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி டேப்லெட்டை அடையாளம் காண்கிறது. ஆனால் பூட்லோடர் திரைக்குச் சென்று, பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் ஃபாஸ்ட்பூட் என்ற கருவியில் கட்டளை கொடுத்தால், சாதனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்ற வரியுடன் அப்படியே நிற்கிறது. யூஎஸ்பி டீபக்கிங் இயக்கத்தில்தான் இருக்கிறது. கேபிளும் தரவுக் கேபிள்தான்.

விரிஞ்சிபுரம் லினக்ஸ் எழுதியது:

யூஎஸ்பி டீபக்கிங்குக்கும் ஃபாஸ்ட்பூட்டுக்கும் தொடர்பே இல்லை, பலரும் தடுமாறும் இடம் இது. டீபக்கிங் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்ட்ராய்டு தரும் வசதி. பூட்லோடர் திரையில் ஆண்ட்ராய்டே ஓடவில்லை, ஆகவே அந்த அமைப்பு இயக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். விண்டோஸின் பார்வையில், ஆண்ட்ராய்டு ஓடும் உங்கள் டேப்லெட் ஒரு கருவி, பூட்லோடரில் நிற்கும் அதே டேப்லெட் வேறொரு கருவி. இரண்டுக்கும் தனித்தனியே டிரைவர் பொருத்த வேண்டும். பூட்லோடர் திரையில் இருக்கும்போதே கேபிளை இணைத்து, டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் முக்கோணக் குறியுடன் ஆண்ட்ராய்டு என்று ஒரு வரி இருக்கும். கூகுள் யூஎஸ்பி டிரைவரை இறக்கி விரித்து வைத்துவிட்டு, அந்த வரியின் மீது வலப்பொத்தானைச் சொடுக்கி, தானாகத் தேடச் சொல்லாமல், பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன் என்ற வழியில் சென்று, ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதன் பிறகும் காத்திருந்தால், நீல நிற யூஎஸ்பி 3 துளையை விட்டுவிட்டுக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளையில் இணையுங்கள். அந்தக் காலத்துப் பூட்லோடர்கள் சில புதிய கணினிகளின் வேகத் துளைகளோடு ஒத்துப்போவதில்லை. கணினியில் வேகத் துளைகள் மட்டுமே இருந்தால், இடையில் ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப்பைச் செருகினால் போதும். லினக்ஸில் டிரைவர் வேலையே கிடையாது; அனுமதி இல்லை என்று சொன்னால் கட்டளைக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஃபாஸ்ட்பூட் பேசத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக் என்ற கட்டளையைக் கொடுத்ததும் டேப்லெட்டின் திரையில் ஒரு கேள்வி வரும். ஒலிப் பொத்தான்களால் ஆம் என்பதற்கு நகர்த்தி, பவர் பொத்தானை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும், உள்ளே இருப்பவையும் அழிந்துவிடும். இதற்குப் பிறகு ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கூகுள் என்ற எழுத்துக்குக் கீழே திறந்த பூட்டின் சிறு படம் ஒன்று தெரியும். அது பழுதன்று என்று தந்தையாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்து, பெரும்பாலான வழிகாட்டிகள் நேரே ரெக்கவரியை எழுதச் சொல்லும். நான் அதற்கு முன் ஒரு படியை வற்புறுத்துவேன். ஃபாஸ்ட்பூட் பூட் என்று எழுதி, அதன் பின் டிடபிள்யூஆர்பி கோப்பின் பெயரைக் கொடுங்கள். இது டேப்லெட்டில் எதையும் எழுதாது. கோப்பை நினைவகத்தில் ஏற்றி ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டும், அவ்வளவே. தொடுதிரை வேலை செய்கிறதா, உள்சேமிப்பு சரியான அளவைக் காட்டுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பொருந்தாத கோப்பாக இருந்தால், பவர் பொத்தானை நீளமாக அழுத்தி மறுபடி இயக்கியதும் டேப்லெட் பழையபடியே வந்து நிற்கும். இந்த வசதி இருக்கும்போது, பார்க்காமலே எழுதுவானேன்? மேலும், கோப்பை இறக்கியதும் அதன் ஹேஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டை) தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள். இணைப்பு நடுவில் அறுந்து பாதியில் நின்ற கோப்பும் பார்வைக்கு முழுக் கோப்பு போலவே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால், மீண்டும் பூட்லோடர் திரைக்கு வந்து, ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெக்கவரி என்று எழுதி, கோப்பின் பெயரைச் சேர்த்து எழுதிவிடலாம்.

இதைப் படிக்கும் சாம்சங் டேப் வைத்திருப்பவர்கள் இதே வழியைப் பின்பற்ற வேண்டாம். சாம்சங் டேப்லெட்டுகளில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. அவற்றுக்கு டவுன்லோட் மோட் என்ற தனித் திரையும், விண்டோஸில் ஓடின் என்ற மென்பொருளும், லினக்ஸில் ஹெய்ம்டால் என்ற மென்பொருளும் வேண்டும். அங்கே தற்காலிகமாக ஓட்டிப் பார்க்கும் வசதியும் இல்லை.

காட்பாடி வாசகன் எழுதியது:

டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்ததும் ஃபாஸ்ட்பூட் உடனே பேசியது. பூட்டு திறந்தது, தற்காலிகமாக ஓட்டிப் பார்த்ததில் டிடபிள்யூஆர்பி நன்றாகவே வந்தது, தொடுதிரையும் வேலை செய்தது. பிறகு அதை எழுதினேன், வெற்றி என்ற செய்தியும் வந்தது. டேப்லெட்டை இயக்கி, ஆண்ட்ராய்டு வந்ததா என்று சரிபார்த்துவிட்டு, அணைத்து, ரெக்கவரிக்குள் நுழைந்தால், சாய்ந்து கிடக்கும் ஆண்ட்ராய்டு பொம்மையும் சிவப்பு முக்கோணமும் கட்டளை இல்லை என்ற வரியும்தான் தெரிகின்றன. டிடபிள்யூஆர்பி எங்கே போனது?

பாலாற்றங்கரை எழுதியது:

நீங்கள் பார்ப்பது கூகுளின் சொந்த ரெக்கவரி. எழுதியது சரியாகத்தான் எழுதப்பட்டது. நடுவே ஆண்ட்ராய்டை இயக்கினீர்கள் அல்லவா, அப்போது அது மாற்றப்பட்டுவிட்டது. இந்தப் பழைய ஆண்ட்ராய்டுகளின் சிஸ்டம் பகுதியில் ஒரு சிறு நிரலும், ரெக்கவரி ஃப்ரம் பூட் என்று தொடங்கும் பெயருடைய ஒரு கோப்பும் இருக்கும். ஒவ்வொரு முறை ஆண்ட்ராய்டு எழும்போதும் அந்த நிரல் ரெக்கவரிப் பகுதியை எட்டிப் பார்க்கும். அங்கே இருப்பது கூகுளுடையது அன்று என்று கண்டால், அந்தக் கோப்பைக் கொண்டு பழைய ரெக்கவரியைத் தயாரித்து அதன் மேல் எழுதிவிடும். ஓசையில்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே மறுபடி எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஆண்ட்ராய்டுக்குப் போகாமல், பூட்லோடர் திரையிலேயே ஒலிப் பொத்தானை அழுத்திக்கொண்டே வாருங்கள். மேலே ஸ்டார்ட் என்று இருக்கும் சொல் மாறி மாறி, ரெக்கவரி மோட் என்று வரும். அங்கே நிறுத்திப் பவர் பொத்தானை அழுத்தினால் டிடபிள்யூஆர்பி நேரே திறக்கும். திறந்ததும், சிஸ்டம் பகுதியைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாமா, மாற்றங்களை அனுமதிக்கலாமா என்று கேட்கும். மாற்றங்களை அனுமதிக்கும் பட்டையை விரலால் இழுத்துவிடுங்கள். அதன் பிறகு டிடபிள்யூஆர்பியிலிருந்து வெளியேறும்போது, மேலே சொன்ன கோப்பின் பெயரை அதுவே மாற்றி வைத்துவிடும். கோப்பு கிடைக்காததால் அந்த நிரலுக்கு வேலையில்லாமல் போகும். கூகுள் இனி இந்த டேப்லெட்டுக்குப் புதுப்பிப்பு அனுப்பப்போவதில்லை என்பதால், சிஸ்டம் பகுதியைத் தொடுவதில் நட்டமும் இல்லை.

காட்பாடி வாசகன் எழுதியது:

இம்முறை நிலைத்துவிட்டது. ஆண்ட்ராய்டை இயக்கி அணைத்த பிறகும் டிடபிள்யூஆர்பி இருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி. வேலை முடிந்ததும் பூட்லோடரை மறுபடி பூட்டிவிட வேண்டுமா? புதிய ஆண்ட்ராய்டு என்று தேடினால் ஃப்ளோ என்றும் ஃப்ளோஎக்ஸ் என்றும் இரண்டு வகைக் கோப்புகள் கிடைக்கின்றன, எதை எடுப்பது?

பாலாற்றங்கரை எழுதியது:

பூட்ட வேண்டாம். ஏதேனும் தவறினால் ஃபாஸ்ட்பூட் வழியாகத்தான் மீள வேண்டும், அதற்குப் பூட்டு திறந்திருக்க வேண்டும். மறுபடி திறந்தால் மறுபடி எல்லாம் அழியும். இதில் ஓர் இழப்பு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பூட்டு திறந்த டேப்லெட் யார் கையில் கிடைத்தாலும், அவர் ரெக்கவரிக்குள் நுழைந்து கோப்புகளை எடுத்துவிட முடியும். வீட்டில் நூல் படிக்கும் டேப்லெட்டுக்கு இது பெரிதன்று. வங்கிக் கணக்கையும் ஓடிபி வரும் மின்னஞ்சலையும் அதில் வைக்காதிருப்பது நல்லது. எப்படியும் பணப் பரிவர்த்தனைச் செயலிகள் பல, பூட்டு திறந்த கருவியில் ஓட மறுக்கும்.

ஃப்ளோஎக்ஸ் என்பது டேப்லெட்டின் சேமிப்புப் பகுதிகளின் எல்லைகளையே மாற்றியமைத்த பிறகு போட வேண்டியது. கூகுள் இதன் சிஸ்டம் பகுதிக்கு ஒதுக்கிய இடம் 1 ஜிபியைவிடக் குறைவு. புதிய ஆண்ட்ராய்டுகள் அதில் அடங்குவதில்லை. அதனால், பழைய கருவிகளுக்கும் தன்னார்வலர்கள் உருவாக்கித் தரும் ஆண்ட்ராய்டான லீனியேஜ் ஓஎஸ்ஸின் 18.1 பதிப்பு, அதாவது ஆண்ட்ராய்டு 11, ஃப்ளோஎக்ஸுக்கு என்றே வெளியானது. எல்லையை மாற்றும் வேலை நடுவில் நின்றால் மீள்வது கடினம். முதன்முறை இறங்குபவர் அதைத் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஃப்ளோவுக்கான லீனியேஜ் ஓஎஸ் 14.1 பழைய எல்லைகளுக்குள்ளேயே அடங்கும். அது ஆண்ட்ராய்டு 7.1 என்பதால், ஆரணி நண்பர் சொன்ன வேர்ச் சான்றிதழும் அதில் ஏற்கெனவே இருக்கும். அதுவும் பழைய ஆண்ட்ராய்டுதான், ஆனாலும் இப்போது இருப்பதைவிடப் புதியது.

நிறுவும் முன்பு டிடபிள்யூஆர்பியில் பேக்கப் என்பதைத் தொட்டு, பூட், சிஸ்டம், டேட்டா மூன்றையும் தேர்ந்தெடுத்து ஒரு நகல் எடுங்கள். அந்த நகல் டேப்லெட்டின் உள்சேமிப்பிலேயே டிடபிள்யூஆர்பி என்ற கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். நெக்ஸஸ் 7இல் மெமரி கார்டு துளை இல்லாததால், அதைக் கணினிக்கு மாற்றினால்தான் அது பேக்கப். டிடபிள்யூஆர்பி திறந்திருக்கும்போதே கேபிளை இணைத்தால் கணினியில் கோப்புறைகள் தெரியும், இழுத்துப் போட்டுவிடலாம். படங்களும் நூல்களும் இருக்கும் உள்சேமிப்பு அந்த நகலில் சேராது, அவற்றை நீங்கள் முன்பே தனியாக எடுத்துவிட்டீர்கள்.

பிளே ஸ்டோர் வேண்டுமென்றால், கூகுள் செயலித் தொகுப்புகளில் பீகோ என்ற மிகச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். பெரியவை சிஸ்டம் பகுதியில் இடமில்லை என்று பாதியில் நின்றுவிடும். லீனியேஜை நிறுவியதும், அதை ஒரு முறைகூட இயக்காமல், அதே அமர்விலேயே அந்தத் தொகுப்பையும் நிறுவிவிட வேண்டும். இடையில் இயக்கிவிட்டுப் பிறகு சேர்த்தால் கூகுள் சேவைகள் அடிக்கடி நின்றுபோகும், மறுபடி துடைத்துத் தொடங்க நேரும். முதல் முறை எழுவதற்குச் சற்று அதிக நேரம் பிடிக்கும், அப்போது பவர் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.